புதுப்பிப்பு: அம்மாவின் கீமோவும் புரோபயாடிக் பொடியும்

போன மாதம் கேட்டிருந்தேன்: குடல் புற்றுநோய்க்கு இரினோடீகான் என்ற கீமோ மருந்து ஏற்றிய பிறகு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) கொடுக்கலாமா என்று. பலர் கொடுக்கச் சொன்னீர்கள். நானும் சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற புரோபயாடிக் பொடி வாங்கிவிட்டேன்.

நல்லவேளை, பிரிப்பதற்குள் டாக்டரிடம் காட்டினேன். அம்மாவின் நெஞ்சில் கீமோ போர்ட் இருக்கிறது, அதாவது மருந்தை நேராக ரத்தக்குழாயில் ஏற்றத் தோலுக்கடியில் வைத்த குழாய். இந்தப் பொடியோ உயிருள்ள ஈஸ்ட். பாக்கெட்டைப் பிரிக்கும்போது கையில் ஒட்டும் தூள் அந்தக் குழாய் வழியாக ரத்தத்தில் கலந்துவிடலாம் என்றார். இப்படிக் குழாய் வைத்தவர்களுக்கும் எதிர்ப்புசக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாதாம். பெட்டிக்குள் இருந்த தாளிலும் அதுதான் போட்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். தயவுசெய்து அந்தத் தாளைப் படியுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரைதான். முதலில் 4 மி.கி., அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி., போக்கு நின்று 12 மணி நேரம் ஆகும்வரை என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். கூடவே ஓ.ஆர்.எஸ். இரவெல்லாம் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுத்தேன்.

வெள்ளையணு ஏறும்வரை வீட்டுத் தயிரும் வேண்டாம் என்றிருக்கிறார். அம்மாவுக்கு அதுதான் வருத்தம். நேற்று காலை ஒன்றரை இட்லி இறங்கியது. அடுத்த கீமோ வியாழக்கிழமை.