மேற்கே இருக்கும் சொர்க்கம்

கால்நடைத் துறையில் ஆய்வாளராக உதகை வட்டாரத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்துகளுக்கு, அதாவது அவர்களுடைய சிற்றூர்களுக்கு, எருமைகளுக்குத் தடுப்பூசி போடச் செல்லும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். நீண்டு வளைந்த கொம்புகளையுடைய அந்த எருமைகள் அந்நியரைக் கண்டால் மிரளும் என்பதால், ஒரு மந்தின் பெரியவர் கல்தொழுவத்தின் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து அடக்கித் தருவார்.

ஒருமுறை நான் சென்றபோது அவருடைய அண்ணன் காலமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. "அண்ணன் சொர்க்கத்துக்குப் போயிருப்பார், ஐயா" என்று ஆறுதலாகச் சொல்லி, பழக்கதோஷத்தால் வானத்தைக் காட்டிவிட்டேன். அவர் தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற போர்வையின் மடிப்புக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, முக்கூர்த்தி சிகரம் இருக்கும் மேற்குத் திசையை நீட்டிக் காட்டி, "மேலே இல்லை சார், அந்தப் பக்கம், கீழே" என்று திருத்தினார்.

அம்நோர் என்று அவர்கள் சொல்லும் அந்த உலகை ஓன் என்ற தெய்வம் ஆள்கிறது என்றும், இங்கே மறையும் சூரியன்தான் அங்கே வெளிச்சம் தருகிறது என்றும், இறந்தவருக்குத் துணையாக எருமைகளும் உடன் செல்கின்றன என்றும் அவர் விளக்கினார். அங்கும் புல்வெளி, அங்கும் மந்து, அங்கும் பால் கறக்கும் வேலை. நடந்து நடந்து கால்கள் முழங்கால்வரை தேய்ந்துபோனால் ஓன் அவரை மறுபடி இங்கே அனுப்பிவிடுவார் என்று அவர் சொன்னதை அன்று நான் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1906-இல் வெளியிட்ட நூலிலும் இதே செய்தியைப் பின்னாளில் படித்தபோதுதான் என் அசட்டுத்தனம் எனக்கு உறைத்தது.

உண்மையில் இதில் நான் வியப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. வைகுண்ட ஏகாதசி இரவுகளில் பரமபதம் ஆடி வளர்ந்தவன் நான். புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கத்திலிருந்து இறங்கியே ஆக வேண்டும், வைகுண்டம் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே திரும்புதல் இல்லை என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தீர்வது புண்ணியம், அவர் வீட்டில் தேய்வது கால். ஆனால் திரும்பி வருவதை நாங்கள் வீழ்ச்சி என்று அஞ்சினோம், அவரோ ஊருக்குத் திரும்புவதைப்போல அதைச் சொன்னார். கடைசி எருமைக்கு ஊசி போட்டு முடித்ததும், "உங்கள் சொர்க்கத்தில் எருமை உண்டா, சார்?" என்று கேட்டார். காமதேனுவைப் பற்றிச் சொன்னேன். ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் என்ன செய்வார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

•

நான் நீலகிரியில் வாழும் படகர் சமூகத்துப் பெண், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (எங்கள் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) ஒன்றைச் சேர்ந்தவள். மேலே எழுதியவரின் அனுபவத்தைப் படித்ததும் என் பாட்டியின் சாவு நினைவுக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி பாடையருகே ஒரு பெரியவர் நின்று, பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது என்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடியிருந்தோர் "அது பாப" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாம்பைக் கண்டாலே ஓடிவிடும் என் பாட்டியின்மேல் இப்படிப் பழி போடுகிறார்களே என்று ஒன்பது வயதில் எனக்குக் கோபம் வந்தது. முன்னோர் செய்தவற்றையும் சேர்த்தே இறக்கி வைக்கிறோம், அப்போதுதான் மேலுலகத்துக்குப் போகும் நூல் பாலத்தை அவரால் கடக்க முடியும் என்று அப்பா சொன்னார்.

கோபம் போய்ப் பயம் வந்தது. தேயிலை மூட்டையைத் தலையில் சுமந்து மேடேறிய உடம்பு அது. அன்று மாலை யாரும் பார்க்காதபோது, பூக்கட்டும் நூலில் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே அறுந்துவிட்டது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.