அம்மாவின் சேலையில் இருக்கும் வாசனையைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: சுங்குடி

அம்மா தவறி நாற்பது நாள் ஆகிறது. துவைக்காத சுங்குடிச் சேலை இரண்டும் ஒரு தலையணை உறையும் பிளாஸ்டிக் கவரில் பீரோவுக்குள் இருக்கின்றன. அதே தட்டில் நாப்தலின் உருண்டையும் உண்டு. வாசனை குறைந்துகொண்டே வருகிறது. எப்படிக் காப்பது? போட்டோவைப் பார்க்கும்போது வராத அழுகை கவரைப் பிரித்ததும் வருகிறதே, அது ஏன்?

பதில் 1: பழந்துணி

முதலில் நாப்தலினை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். அது அப்படியே ஆவியாகி, பிளாஸ்டிக் கவரைத் தாண்டியும் துணியில் ஏறும். ஏறினால் பிரிக்கவே முடியாது. பாலித்தீன் கவர் வாசனைக்குத் தடையில்லை. உள்ளே இருப்பது வெளியே போகும், பீரோ வாடை உள்ளே வரும்.

தேவை கண்ணாடி பாட்டில், அகன்ற வாய், புதியது. ஊறுகாய் பாட்டில் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் மூடியின் உட்பக்கத்தில் வாடை தங்கும். வாசனை சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவி, ஒரு நாள் திறந்து வைத்துக் காயவிடுங்கள். துணியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, காற்றுக்கு இடமில்லாமல் திணியுங்கள். மூடிக்கு அடியிலும் ஒரு தாள்.

துணியில் ஈரம் இருந்தால் கரும்புள்ளி பூஞ்சை வந்துவிடும். நிழலில் அரை மணி நேரம் விரித்தால் போதும். வெயிலும் இஸ்திரியும் கூடவே கூடாது. சிலிக்கா ஜெல், கரி இரண்டும் ஈரத்தோடு வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

ஃப்ரீசரில் வைத்தால் ஆவியாவது மட்டுப்படும். ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் துணியில் நீர் கோக்கும்.

இத்தனை செய்தும் காலப்போக்கில் மாறத்தான் செய்யும். லேசான மணங்கள் முதலில் போகும், கனமானவை நிற்கும். தோலின் எண்ணெயில் ஸ்குவாலின் என்றொரு பொருள் இருக்கிறது. காற்று பட்டால் அது சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் கெடாது. அதனால் உங்களிடம் இருப்பதில் தலையணை உறைதான் பொக்கிஷம்.

பதில் 2: நரம்பிழை

கண்ணும் காதும் அனுப்பும் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகும். மூக்கின் செய்தி அங்கே நிற்காமல், மூக்குக்கு மேலே உள்ள நுகர்குமிழிலிருந்து நேராக உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும், நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸின் வாசலுக்கும் போய்விடுகிறது. அதனால் ‘இது என்ன வாசனை’ என்று பெயர் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிடும்.

மனித மூக்கில் மணத்தைப் பிடிக்கும் நுகர் ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை உண்டு. அவற்றின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு வாசனையும் இந்த ஏற்பிகளில் விழும் ஒரு புள்ளிக்கோலம். சில புள்ளி அழிந்தாலும் கோலம் இன்னதென்று தெரிவதுபோல, மங்கிய சேலையையும் மூளை அம்மா என்றே படிக்கும்.

முகத்தில் அழுத்தி வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். ‘போய்விட்டது’ என்று பலர் பதறுவது இதனால்தான், துணியில் வாசனை அப்படியே இருக்கும். இரண்டு மூன்று குட்டி இழுப்பு, மூடி, சில நிமிடம் வெறும் காற்று. அடிக்கடி திறந்தால் அம்மாவோடு இருந்த நாட்களோடு பின்னியிருந்த மணம், பீரோ முன் அழுத இந்த நாட்களோடும் பின்னிக்கொள்ளும்.

சுங்குடி

பாட்டிலில் அடைப்பதற்காகச் சேலையை வெட்ட மனம் வரவில்லை. வெட்டாமல் முடியுமா?

பதில் 3: பழந்துணி

வெட்டவே வேண்டாம். மூன்று துணி, மூன்று பாட்டில். ஒன்றை மட்டும் திறந்து முகருங்கள், மற்ற இரண்டும் மூடியே இருக்கட்டும். சேலையை மடிக்கும்போது முந்தானையும் கழுத்தருகே படிந்த ஓரமும் உள்ளே வரட்டும்.

அம்மா பயன்படுத்திய தலைக்கெண்ணெய், சோப்பு, பவுடர், திருநீறு எல்லாவற்றிலும் மீதியிருப்பதைத் தனித்தனிக் கண்ணாடிச் சிமிழில் எடுத்து வையுங்கள். அதே பெயரில் பின்னாளில் வாங்கினாலும் கம்பெனிகள் கலவையை மாற்றிவிடுகின்றன.

பாட்டிலில் மார்க்கரால் எழுதாதீர்கள், அதன் நெடி பொல்லாதது. தாளில் பென்சிலால் தேதி எழுதி, நூலால் கழுத்தில் கட்டுங்கள்.