புது காட்டர் பின் போட்டும் கிராங்க் ஆடுது, என்ன செய்யலாம்?

மிதிவண்டி_தொண்டன்:
நன்கொடையா வந்த பழைய கறுப்பு ரோட்ஸ்டர்களைச் சரிபண்ணி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். பல வண்டிகளில் மிதிக்கும்போது ‘டக்’னு சத்தம். புது காட்டர் பின் (மிதிகட்டை மாட்டுகிற கையான கிராங்கை நடு அச்சோட பூட்டுகிற சாய்வு ஆணி) போட்டு நட்டை இறுக முறுக்கினாலும் நாலு நாளில் மறுபடி ஆட்டம். கிராங்கையே மாற்றணுமா?

அரமும்_சுத்தியும்:
ஆட்டம் எங்கேன்னு முதலில் பாருங்க. ரெண்டு கிராங்கையும் பிடிச்சு ஆட்டினா சேர்ந்தே அசையுதா? அது பிபி (பாட்டம் பிராக்கெட்) கப், அதாவது நடு அச்சின் பேரிங் கிண்ணம், லூஸ். ஒன்று மட்டும் அச்சின் மேல் அசைஞ்சா காட்டர்தான்.

நட்டை முறுக்கி பின்னை உள்ளே இழுக்கிறதுதான் கோளாறு. மரை போகுமே தவிர, பின் படியாது. சுத்தியால் அடிச்சுத்தான் உட்கார வைக்கணும்; நட்டு அந்தப் பின் வெளியே நழுவாமல் பிடிக்க மட்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் தரை வரைக்கும் இரும்புக் குழாய் முட்டுக் கொடுங்க. இல்லேன்னா அடி பேரிங் பால்ஸில் இறங்கி கப்பில் குழி விழும்.

பின்னின் சாய்வு முகத்தில் மார்க்கர் மை தடவி, லேசா அடிச்சு, எடுத்துப் பாருங்க. ஒரு ஓரத்தில் மட்டும் மை அழிஞ்சிருந்தா முகம் படியலை. தட்டை அரத்தால் கொஞ்சங்கொஞ்சமா ராவுங்க. கூடுதலா ராவினா பின் மறுபக்கம் அளவுக்கு மீறி வெளியே வந்துடும். கிராங்க் படுக்கையா நிற்கும்போது ஒரு நட்டு மேலே பார்த்தா மற்றது கீழே பார்க்கணும். தப்பினா ரெண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

கேலிப்பர்:
பின்னில் 9 மி.மீ., 9.5 மி.மீ. ரெண்டும் உண்டு. கிராங்கில் பின் போகிற ஓட்டையை அளக்காமல் வாங்காதீங்க. பெரிய ஓட்டையில் சின்னது எத்தனை அடிச்சாலும் நிற்காது. ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தா அந்தக் கிராங்கைத் தூக்கிப் போடுங்க. தகடு வெச்சு ஒட்டுப்போடுகிற வேலை பிள்ளைகள் ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம்.

மிதிவண்டி_தொண்டன்:
நன்றி அண்ணா. சில வண்டியில் பழைய பின்னே கழலலை.

அரமும்_சுத்தியும்:
துரு இளக்குகிற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. நட்டின் மேல்முகம் பின் முனையோட சமமா வரும்வரை தளர்த்தி, குழாய் முட்டோட, கனமான சுத்தியால் ஒரே பலமான அடி. பத்துச் சின்ன அடி அடிச்சா முனை காளான் மாதிரி விரிஞ்சுடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். இப்படிக் கழட்டின பழைய பின்னைத் திரும்பப் போடாதீங்க.

கேலிப்பர்:
பிபியும் பிரிச்சீங்கன்னா வலது கப் மரை எதிர்த்திசை, கவனம். பெரும்பாலும் கால் இஞ்ச் பால்ஸ், பக்கத்துக்கு 11. புது பின் போட்ட வண்டியை 20 கி.மீ. ஓட்டி, பின்னை இன்னொரு தடவை அடிச்சு நட்டை இறுக்கின பிறகே கொடுங்க.