கேஸ்கெட் வேறு, சீலன்ட் வேறு: உச்சி பிரேக் விளக்கு நீர்க்கசிவுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் பிக்கப் வண்டிப் பழுதுபார்ப்புக் கையேட்டில், பின்பக்க பிரேக் விளக்கைச் சுற்றி மழைநீர் உள்ளே வருவதைச் சரிசெய்யும் பகுதிக்கு வந்திருக்கிறோம். கேஸ்கெட் (இரண்டு பரப்புக்கு நடுவில் அமுங்கி அடைக்கும் பட்டை), சீலன்ட் (பூசி அடைக்கும் குழம்பு), பேக்கிங், பீடிங் எல்லாவற்றுக்கும் 'அடைப்பான்' என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடலாம் என்று மூன்று நான்கு மடல்கள் வந்துவிட்டன. எனக்கு இதில் உறுதியான மறுப்பு இருக்கிறது. இந்த ஒரு பழுதில் கேஸ்கெட்டையும் சீலன்ட்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பேர் தப்பாகச் சரிசெய்கிறார்கள். அதே குழப்பத்தை நாமே கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

முதலில் விளக்கின் பெயர். கார்களில் மூன்றாவது பிரேக் விளக்கு பெரும்பாலும் பின்கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும், அல்லது டிக்கி மூடியில் இருக்கும். பிக்கப்பில் கேபினின் பின்சுவரில், கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்புக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத் தகட்டில் ஓட்டை வெட்டி வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் நடுவில் சிவப்பும் இரண்டு ஓரத்திலும் சரக்குத் தொட்டியை வெளிச்சமாக்கும் வெள்ளை விளக்கும் ஒரே கூட்டில் இருக்கும். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம், பிக்கப் போன்ற இலகு லாரிகளுக்கு 1994 மாடலிலிருந்து. இந்த விளக்கால் பின்மோதல் விபத்துகள் 4.3 சதவீதம் குறைந்ததாக அந்த நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1998-இல் கணக்கிட்டது. அதனால், "ஒழுகுகிறதா, விளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையை மூடிவிடு" என்று யாராவது யோசனை சொன்னால் அதைக் கையேட்டில் சேர்க்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'மைய உயர் நிறுத்த விளக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலப் பெயரின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல் வைத்தது போல இருக்கிறது, வாயில் நிற்காது. 'மூன்றாம் பிரேக் விளக்கு' பரவாயில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் 'உச்சி பிரேக் விளக்கு' என்று முன்வைக்கிறேன். உச்சி என்றாலே நமக்கு மேலும் நடுவும் சேர்ந்துதான் வரும், உச்சி வகிடு எடுப்பது போல, உச்சிவெயில் என்பது போல. பிரேக்கை விட்டுவிட்டு 'நிறுத்து விளக்கு' என்று வைக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிரேக் என்று எழுதினால் ஓட்டுநரிலிருந்து மெக்கானிக் வரை யாரும் ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும் என்பது என் நம்பிக்கை.

கூரையில் தேங்கிய நீர், வண்டி சிக்னலிலிருந்து கிளம்பும்போது பின்னால் ஓடி, நேராக இந்த விளக்கின் மேல்விளிம்பில் விழுகிறது. விளக்கின் கூட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு நுரைப் பட்டை இருக்கிறது, இதுதான் இங்கே கேஸ்கெட். அது சரியாக இருந்தால் நீர் கூட்டைச் சுற்றி வழிந்து கீழே போய்விடும். பட்டை தளர்ந்திருந்தால், முடி அளவு இடைவெளி இருந்தாலே போதும், நீர் அதற்குள் இழுக்கப்பட்டுவிடும். உள்ளே போனது வெளித்தகட்டின் உள்பக்கமாக, ஒயர் வழியாக, கூரையின் உள்துணிக்குப் பின்னால் இறங்கி, பின்சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோ தரைவிரிப்பில் சேர்கிறது. ஆகவே ஈரம் தெரிகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் ஒன்று. உள்துணியின் பின்விளிம்பில் நடுவாகப் பழுப்புக் கறை இருந்தால் விளக்கின் மேல் சந்தேகப்படலாம். மூலையில் இருந்தால் பின்கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையையோ கூரைத் தகட்டின் இணைப்பையோ பார்க்க வேண்டும். பின்கண்ணாடி நகரும் வகையாக இருந்தால் அதன் ரப்பரும் சந்தேகத்துக்குரியதுதான்.

பழைய விளக்கைக் கழற்றி அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு திருகு, பின்னால் கால் சுற்றுத் திருப்பினால் வந்துவிடும் பல்பு ஹோல்டர்கள், அவ்வளவுதான். பட்டையில் கூட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் அப்படியே இருக்கும். விரலால் அமுக்கினால் எழும்பாது. சில இடங்களில் நகம் பட்டால் தூளாக உதிரும். புதிதாக இருந்தபோது அமுங்கியும், திரும்ப எழும்பப் பார்த்தும், அந்த எழும்பும் வேகத்தால் இரண்டு பக்கமும் ஒட்டி நின்றதுதான் அதன் வேலை. வெயிலும் காலமும் அந்த எழும்பும் குணத்தைக் கொன்றுவிட்டன. ரப்பர்த் துறையில் இதைத் தனியாக அளக்கிறார்கள்: ஒரு துண்டைக் குறிப்பிட்ட அளவு அமுக்கி, சூட்டில் வைத்திருந்து, விட்ட பிறகு எவ்வளவு எழும்பவில்லை என்று சதவீதத்தில் சொல்வார்கள். இதற்கு 'மீளா அமுக்கம்' என்று வைக்கலாமா? 'நிரந்தர உருக்குலைவு' என்று ஒரு மடலில் பார்த்தேன், அது பட்டை கிழிந்து போனது போன்ற எண்ணத்தைத் தருகிறது. இங்கே பட்டை கிழியவில்லை, பார்க்க முழுசாகவே இருக்கும். அதனால்தான் பலர் அதையே துடைத்துத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் ஒழுகுகிறது.

சீலன்ட் இப்படி வேலை செய்வதே இல்லை. அது குழம்பாகப் போய், பரப்பில் ஒட்டி, அங்கேயே இறுகுகிறது. அமுக்கம் அதற்குத் தேவையில்லை, பிடிப்புதான் தேவை. பரப்பு அழுக்காக இருந்தால் பிடிக்காது. ஒரு முறை இறுகினால் கழற்றும்போது கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அமுங்கி அடைப்பது ஒன்று, பூசி அடைப்பது ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் என்ன செய்வார்? 'அடைப்பானை மாற்றவும்' என்று நாம் எழுதியதைப் பார்த்துவிட்டு, கடினமாகிப்போன பட்டையை உள்ளேயே விட்டு, வெளியே சுற்றிலும் சிலிக்கோனைப் பிதுக்கிவிடுவார். கீழ்விளிம்பையும் சேர்த்து அடைத்துவிடுவார். எங்காவது ஒரு ஊசிமுனை வழியாக மேலே நுழைகிற நீருக்கு வெளியேற வழி இருக்காது, கூட்டுக்குள் தேங்கி ஓட்டை வழியாகக் கேபினுக்குள்தான் போகும். கசிவு முன்பைவிட மோசமாகும்.

> 'அடைப்பான்' ஏற்கெனவே உள்ள சொல், எல்லோருக்கும் புரியும்.

உள்ள சொல்தான், ஆனால் ஏற்கெனவே வேலை அதிகமுள்ள சொல். குப்பி மூடியும் அடைப்பான், மாட்டுக்கு வரும் நோயும் அடைப்பான். 'அடைப்பு' என்று சுருக்கினாலோ சாக்கடை அடைப்பும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வரும், வேண்டாத இடத்தில் அடைத்துக்கொள்வது. நமக்கு வேண்டியது விரும்பிச் செய்கிற அடைப்பு.

கப்பல் தச்சர்களின் 'கலப்பத்து' என்ற சொல்லை ஒருவர் நினைவுபடுத்தியிருந்தார், அதற்கு நன்றி. பலகை இடுக்கில் நார் திணித்து, நீர் புகாதபடி பூசி அடைக்கும் வேலை. அழகான சொல், வேலையும் நீரைத் தடுக்கிற வேலைதான். ஆனால் அது வேலையின் பெயர், பொருளின் பெயர் அல்ல. இடுக்கைத் திணித்து நிரப்பும் வேலைக்கு, அதாவது கூரை இணைப்பில் சீலன்ட் பிதுக்கி நிரப்புவதற்கு, இதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. கேஸ்கெட்டுக்கு ஒத்துவராது.

என் முன்மொழிவு இதுதான்: கேஸ்கெட்டுக்கு 'அமுக்கடை', சீலன்ட்டுக்கு 'பூச்சடை'. இரண்டும் 'அடை' என்று முடிவதால் ஒரே குடும்பம் என்று தெரியும், முன்பாதி எப்படி அடைக்கிறது என்று சொல்லிவிடும். இன்ஜின் ஹெட் கேஸ்கெட்டையும் 'ஹெட் அமுக்கடை' என்று எழுதலாம், அங்கேயும் போல்ட் இறுக்கி அமுக்கித்தானே அடைக்கிறார்கள். கடையில் போய்க் கேட்கும்போது கேஸ்கெட் என்றே கேட்கட்டும். கையேட்டின் முதல் இடத்தில் 'அமுக்கடை, அதாவது கேஸ்கெட்' என்று ஒரு முறை எழுதிவிட்டால் போதும். பியூட்டைல் நாடாவை (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா) எதில் சேர்ப்பது என்ற கேள்வி நியாயமானது. அது அமுக்கினால் பரவும், ஆனால் எழும்பாது, ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே பூச்சடை என்பேன். இறுகாத பூச்சடை.

அடுத்து நுரை. மாற்றுப் பட்டை கிடைக்காதவர்கள் நுரைநாடா வாங்கி வெட்டி ஒட்டுவார்கள், அதில் எந்த நுரை என்பதுதான் எல்லாம். ஒரு வகையில் குமிழிகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், பஞ்சு போல நீரைக் குடிக்கும். இன்னொன்றில் ஒவ்வொரு குமிழியும் தனியாக மூடியிருக்கும், நீர் புகாது. 'திறந்த செல் நுரை' என்றால் உயிரியல் பாடம் போல இருக்கிறது. நம்மிடம் வலைக்கண், சல்லடைக்கண் இருக்கும்போது 'கண்திறந்த நுரை', 'கண்மூடிய நுரை' என்று சொல்லலாமே. சோதிப்பதும் சுலபம்: ஒரு துண்டை நீருக்குள் அமுக்கிவிட்டு விடுங்கள், எடுத்துப் பிழிந்தால் நீர் வந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது.

திருகு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரண்டு திருகும் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். இறுக்கினால் ஒழுகாது என்று நினைத்து முழு பலத்தோடு திருகினால், பிளாஸ்டிக் கூடு வளைந்து நடுப்பகுதி தகட்டிலிருந்து எழும்பும். நீர் அதிகம் விழுகிற இடமே அந்த நடுப்பகுதிதான். மின்திருப்புளி வேண்டாம், கைத்திருப்புளியால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பட்டை சீராக அமுங்கியதும் நிறுத்த வேண்டும். கூடு இப்படி வளைவதற்கு ஆங்கிலத்தில் வில் என்ற சொல்லை வைத்துத்தான் சொல்வார்கள், நமக்கும் 'வில்வளைவு' இயல்பாகவே இருக்கிறது. திருகு போய் உட்காரும் பிளாஸ்டிக் செருகியைச் சுற்றியும் நீர் வரும், அதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சொற்களை வைத்து அந்தப் பத்தியை எழுதிப் பார்த்தேன். ஓடுகிறதா என்று சொல்லுங்கள்:

"முதலில் கசிவை உறுதிசெய்யவும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்க, மற்றவர் குழாய் நீரை மெதுவாகக் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும்: முதலில் பின்கண்ணாடியின் அடி, பிறகு அதன் ஓரங்கள், கடைசியில் விளக்கு. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது காரணம் என்று தெரியாது. விளக்குதான் என்று தெரிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு விளக்கை எடுக்கவும். பழைய அமுக்கடையை முழுவதும் உரித்து, தகட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். ஓட்டையின் விளிம்பில் துரு இருந்தால் தேய்த்துப் பெயின்ட் பூசி, காய்ந்த பிறகே அடுத்த வேலை. லென்ஸும் கூடும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால் அமுக்கடையை மாற்றிப் பயனில்லை, விளக்கையே மாற்றவும். புதிய அமுக்கடை, அல்லது கண்மூடிய நுரைநாடா, இடைவெளி இல்லாமல் ஒரு சுற்று. நாடாவின் இரண்டு முனையும் சேரும் இடம் கீழ்ப்பக்கமாக வரட்டும். திருகுச் செருகிகளைச் சுற்றிச் சிறிது பியூட்டைல். ஒயர் உள்ளே நுழையுமுன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு சொட்டு வளைவு விடவும், ஒயர் வழியாக வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியே பூச்சடை கூடுதலாக வேண்டுமென்றால் மேலும் பக்கங்களும் மட்டும், கீழ்விளிம்பு திறந்திருக்க வேண்டும். காடி வாசம் வீசும் சிலிக்கோன் வேண்டாம், அது இறுகும்போது வெளிவிடும் அமிலம் தகட்டையும் மின்தொடர்பையும் அரிக்கும். நடுநிலை வகையை வாங்கவும்."

பிறகு தரைவிரிப்பைத் தூக்கி அடியிலுள்ள திண்டைக் காயவைப்பது பற்றித் தனிப் பத்தி வரும். மேலே தொட்டால் காய்ந்தது போலவும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும், பூஞ்சை வாசம் அங்கிருந்துதான். சீட்டுக்கு அடியிலுள்ள மின்இணைப்பிகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

'சொட்டு வளைவு', 'கண்மூடிய நுரை' இரண்டையும் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 'அமுக்கடை'க்குத்தான் எதிர்ப்பு வரும். வரட்டும், ஆனால் மறுப்பவர்கள் தங்கள் சொல்லை மேலே உள்ள பத்தியில் போட்டு எழுதி அனுப்புங்கள். பூச்சடையும் அமுக்கடையும் சேர்ந்து வருகிற அந்தப் பத்தியில் குழப்பம் இல்லாமல் நிற்கிற சொல் எதுவானாலும், நான் என் சொல்லை விட்டுவிட்டு அதை ஏற்கிறேன். சரக்குத் தொட்டிக்கு வெளிச்சம் தரும் வெள்ளை விளக்குக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. 'தொட்டி விளக்கு' போதுமா?