கலைச்சொல் வேண்டும்: கொம்பன் சுறா உண்ணி எடுத்துக்கொள்ளும் இடம்

அலையாத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக, கோஸ்டா ரிகாவின் பசிபிக் கடலைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் எப்படியோ ஒப்பேறிவிட்டது. ஒரு சொல் மட்டும் வழிவிட மறுக்கிறது: கிளீனிங் ஸ்டேஷன்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். கோஸ்டா ரிகாவின் கரையிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 550 கி.மீ. தள்ளிக் கோகோஸ் தீவு இருக்கிறது. புன்டரெனாஸ் துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை நாள் பயணம். தீவில் விடுதி கிடையாது. போகிறவர்கள் படகிலேயே தூங்கி, படகிலிருந்தே கடலில் இறங்குகிறார்கள். பகல் முழுக்கக் கொம்பன் சுறாக்கள் அங்கே கடலடிப் பாறைகளைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகத் திரியும். அவ்வப்போது ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, வேகத்தைக் குறைத்து, உடம்பைச் சாய்த்துக் காட்டும். உடனே மஞ்சள் நிறச் சிறு மீன்கள் பாறையிலிருந்து எழும்பி வந்து அதன் தோலிலும் செவுளிலும் இருக்கும் உண்ணிகளையும் செத்த தோலையும் கொத்தித் தின்னும். இந்தக் காரியம் நடக்கும் இடங்கள் குறிப்பிட்ட சில பாறைகள்தான். பார்க்கப் போகிறவர்கள் பாறை மறைவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும், மூச்சுக் குமிழியைக் கண்டாலே சுறா விலகிவிடும்.

"சுத்தம் செய்யும் நிலையம்" என்று எழுதிப் பார்த்தேன். ரயில்வே வாடை அடிக்கிறது. படிக்கப் போவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். உதவுங்கள்.

நிரலன் எழுதியது:

துப்புரவு நிலையம். முடிந்தது. அடுத்த வேலையைப் பாருங்கள் அக்கா.

கரைவலை எழுதியது:

> துப்புரவு நிலையம். முடிந்தது.

தம்பி, எங்கள் ஊரில் துப்புரவு நிலையம் என்றால் குப்பை வண்டி நிறுத்துகிற கொட்டகை. பிள்ளைகள் சுறாவைக் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துப் படம் வரைந்து அனுப்பும். அரசாங்கமே துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டது. நாம் அதைத் தூக்கிக் கடலில் போட வேண்டுமா?

நச்சினார் எழுதியது:

அன்பர்களே, துப்புரவு என்னும் சொல்லை அவ்வளவு எளிதாகக் குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். நல்குரவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் (1050) "துப்புர வில்லார்" என்கிறார் வள்ளுவர். அங்கே துப்புரவு என்பது துய்க்கும் பொருள். துப்பு என்றால் உணவு. பன்னிரண்டாம் குறளில் மழையைத் துப்பு என்றதும் அந்தப் பொருளில்தான். நுகர்பொருளைக் குறித்த சொல் தூய்மைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனி ஆராய்ச்சி.

இப்போது அந்தச் சுறாவின் மேல் நடப்பதைப் பாருங்கள். சிறு மீனுக்கு அது உணவு, சுறாவுக்கு அது தூய்மை. ஒரே செயலின் இரு பக்கத்தையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. உலகில் வேறெந்த மொழிக்கு இந்தப் பேறு வாய்க்கும்? ஆகவே "துப்புத்துறை" என்று முன்மொழிகிறேன். நிலையம் வேண்டாம். துறைதான் நம் சொல். நீரில் இறங்குமிடம் துறை. கொற்கையைச் சங்கப் பாட்டு "பெருந்துறை" என்றது. துறை என்பது துற, திற என்ற வேரோடு தொடர்புடையது என்பது என் துணிபு. கரை திறந்துகொள்ளும் இடம் ஆதலால் துறை. இதை விரித்துத் தனி மடல் எழுதுவேன்.

நிரலன் எழுதியது:

ஐயா, துப்புத்துறை என்றால் பிள்ளைகள் துப்பறியும் துறை என்றுதான் நினைப்பார்கள். அல்லது எச்சில் துப்புகிற இடம் என்று. இரண்டில் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள். துப்புரவுத் துறை என்று நீட்டினால் மாநகராட்சி ஆணையர் வந்து நிற்பார்.

நச்சினார் எழுதியது:

துறை என்றதும் செயலகம் நினைவுக்கு வருவது உங்கள் தலைமுறையின் குறை, தம்பி. சொல்லின் குறை அன்று.

கடலறை எழுதியது:

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் ஒன்றிரண்டு விஷயங்கள். கிளீனர் மீன் என்றதும் நாம் எல்லோரும் நீலக்கோடு போட்ட ராஸ் மீனைத்தான் நினைக்கிறோம். இந்து மாக்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் இந்த வேலையைச் செய்வது அதுதான். கோஸ்டா ரிகா இருக்கும் கிழக்குப் பசிபிக்கில் அந்த இனமே இல்லை. அங்கே இடத்தைப் பிடித்துக்கொண்டவர் பார்பர்ஃபிஷ் என்ற பட்டாம்பூச்சி மீன். அறிவியல் பெயர் ஜான்ராண்டாலியா நைக்ரிராஸ்ட்ரிஸ். ஜான் ராண்டால் என்ற மீனியல் அறிஞரின் பெயரைத் தாங்கியது, மூக்கு கறுப்பாக இருக்கும். ஸ்பானிய மொழியிலும் பார்பெரோ என்றுதான் அழைக்கிறார்கள், நாவிதர் என்று பொருள். கிங் ஏஞ்சல்ஃபிஷும் சில இடங்களில் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. சொல்லில் சுறா வேண்டாம். கரைக்குப் பக்கத்தில், வடக்கே குவானகாஸ்டே பகுதியில் கத்தலினா தீவுகள் இருக்கின்றன. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆனைத் திருக்கைகள் அங்கே வரும். கிளீனிங் ஸ்டேஷன் அவற்றுக்கும் பொது, ஆமைக்கும் பொது.

கரைவலை எழுதியது:

நாவிதர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்படி அழுக்கு எடுக்கும் இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஊர்ப்பெயர் அளவுக்குப் பழகிய சொல் இருக்கிறது, வண்ணாந்துறை. ஆனால்

அலையாத்தி எழுதியது:

அண்ணா, "ஆனால்" என்று நீங்களே நிறுத்திவிட்டீர்கள். நானும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். சாதியின் பெயரைப் பிள்ளைகள் பத்திரிகையில் மீனுக்கு ஒட்ட மாட்டேன். பார்பர்ஃபிஷுக்கும் அதே கதைதான்.

நச்சினார் எழுதியது:

தொழிற்பெயரை இழிவெனக் கருதுவதே

மட்டுறுத்துநர்:

ஐயா, மன்னிக்கவும். இந்தக் கிளை ஒவ்வோர் ஆண்டும் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் இருவர் குழுவை விட்டுப் போகிறார்கள். சாதிப்பெயர் வேண்டாம் என்பது குழுவின் முடிவு. கடலுக்குத் திரும்புவோம்.

வடமராட்சியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா கட்டுரையில் டைவிங்குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? தமிழ்நாட்டு ஏடுகளில் "முக்குளிப்பவர்" என்று கண்டேன். எங்கட பக்கம் சுழியோடி. செய்தியிலும் அதுதான், கடற்படையிலும் அதுதான். சுழிக்குள் ஓடுகிறவன், எவ்வளவு அழகான சொல். கோரல் ரீஃபுக்கும் எங்களுக்கு முருகைக்கற்பாறை இருக்கிறது. பவளப்பாறை என்றால் எனக்கு நகைக்கடைதான் நினைவு வருகிறது.

அலையாத்தி எழுதியது:

முக்குளிப்பு என்று போட்டிருக்கிறேன். இதழ் சென்னையிலிருந்து வருகிறது, சுழியோடியைப் பிள்ளைகள் நீச்சல் போட்டி என்று நினைக்கக்கூடும். ஆனால் ஒரு பெட்டிச் செய்தியில் சுழியோடியையும் சேர்க்கிறேன், நன்றி.

நச்சினார் எழுதியது:

குளி என்ற வினையின் பழம்பொருளே மூழ்குதல்தான். முத்துக்குளித்தலில் யாரும் சோப்புப் போட்டுக் குளிப்பதில்லை. எனவே முக்குளிப்பு என்பதில் "முக்கு" என்ற முன்னொட்டே மிகை. குளியாளி, குளியல், குளிதுறை

நிரலன் எழுதியது:

ஐயா, கட்டுரையில் "கோகோஸ் தீவுக்குக் குளிக்கப் போகிறார்கள்" என்று வந்தால், ஒன்றரை நாள் படகில் போய்க் குளிக்கிறார்களா, வீட்டில் தண்ணீர் இல்லையா என்று கேட்பார்கள்.

கரைவலை எழுதியது:

குளிப்பை விடுங்கள். கோகோஸில் பிரபலமான ஓர் இடத்துக்குப் பெயர் பாஹோ ஆல்சியோன். ஆல்சியோன் என்பது பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பல். பாஹோ என்றால் ஸ்பானிய மொழியில் நீருக்குள் மேடிட்டு நிற்கும் தரை. இதற்கு நம் கடற்கரையில் சொல் இருக்கிறது, பார். தூத்துக்குடிப் பக்கம் முத்து எடுத்தது எல்லாம் பாரில்தான், தொலையாயிரம் பார் என்று பெயரே உண்டு. வலை போடுகிறவர்கள் இன்றைக்கும் பாரைத்தான் தேடிப் போகிறார்கள். அகராதியைத் திறப்பதற்கு முன் கரையில் கேளுங்கள் என்று இந்தக் குழுவில் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன்.

அடுத்து, மாட்டின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குகிற வெள்ளைக் கொக்குக்குத் தமிழில் என்ன பெயர்? உண்ணிக்கொக்கு. எந்தப் பிள்ளையும் அதைக் கொக்கில் இருக்கும் உண்ணி என்று நினைத்ததில்லை. அதே தடத்தில் பார்பர்ஃபிஷ், உண்ணிமீன். இடம், உண்ணிப்பார். யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

அலையாத்தி எழுதியது:

அண்ணா! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கடலறை எழுதியது:

நல்ல சொல்தான், எனக்கும் பிடித்திருக்கிறது. ஒட்டுண்ணி என்ற சொல்லைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள், உண்ணி தானாகப் புரியும். ஆனால் இரண்டு இடறல். உண்ணிமீன் என்றால் இரத்தம் குடிக்கும் மீன் என்று ஒரு மாணவியாவது தேர்வில் எழுதுவாள். எழுதினால் நான் என்ன செய்வது? அவள் இலக்கணப்படி தப்பு என்று சொல்ல முடியாது. இரண்டாவது, எல்லாக் கிளீனிங் ஸ்டேஷனும் பார் அல்ல. மணல் நடுவே நிற்கும் ஒற்றைப் பவளத் தலையும் அந்த வேலைக்குப் போதும். பார் என்பது நில அமைப்பின் பெயர், நமக்கு வேண்டியது அங்கே நடக்கும் காரியத்தின் பெயர்.

வடமராட்சியான் எழுதியது:

மலையாளத்தில் உண்ணி என்றால் சின்னப் பிள்ளை. உண்ணிமீன் என்றால் அவர்களுக்குக் குட்டி மீன்.

நிரலன் எழுதியது:

மலையாளிகளுக்காகவா மொழிபெயர்க்கிறோம்?

என் ஓட்டு: மீன் சலூன். சுறா வருகிறது, உட்காராமல் சாய்கிறது, வேலை முடிந்து போகிறது. சலூன் என்ற சொல் தெரியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அயல்சொல் என்பீர்கள். "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

நச்சினார் எழுதியது:

அந்த நூற்பா வடசொல்லுக்கு உரியது. சலூனுக்கு அன்று. எழுத்தை மாற்றிப் புகலாம் என்றாரே தவிர, வீட்டில் சோறு இருக்கும்போது கடையில் வாங்கு என்று தொல்காப்பியர் எங்கும் சொல்லவில்லை.

அலையாத்தி எழுதியது:

சலூனைத் தலைப்பில் வைத்துக்கொள்கிறேன் தம்பி, ஆசிரியருக்கும் பிடிக்கும். உடற்பகுதியில் முடியாது. ஆனைத் திருக்கை வரும்போது சலூன் நகைச்சுவை தீர்ந்துபோகிறது.

உண்ணிப்பாரில் பாரை எடுத்துவிட்டு ஐயாவின் துறையைச் சேர்த்தால்? "உண்ணித்துறை". சான்றுக்கு ஒரு பத்தி:

"மனுவலித்தா என்ற குட்டித் தீவின் பக்கத்தில் ஓர் உண்ணித்துறை உண்டு. மீன்கள் தம் மேல் ஒட்டிய உண்ணிகளை எடுத்துக்கொள்ள வரும் இடத்துக்கு உண்ணித்துறை என்று பெயர். கொம்பன் சுறா இங்கே வந்ததும் வேகத்தைக் குறைக்கும். கறுத்த மூக்குள்ள உண்ணிமீன்கள் எதிர்கொண்டு மேலே வரும். இதே போன்ற இன்னோர் இடத்துக்குப் பெயர் அழுக்குப் பாறை!"

அழுக்குப் பாறை நான் வைத்த பெயர் அல்ல. ஆங்கிலத்தில் டர்ட்டி ராக் என்றே வழங்குகிறது. அழுக்கு எடுக்கப் போகும் இடம் அழுக்குப் பாறையாக இருப்பதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கடலறை எழுதியது:

பத்தியில் படிக்கும்போது இடறவில்லை. என் மாணவி இதைப் படித்துவிட்டு வந்தால் தப்பாக எழுத மாட்டாள். ஆதரவு.

கரைவலை எழுதியது:

பாரை எடுத்தது எனக்கு வருத்தம்தான். பாஹோ ஆல்சியோன் வரும் இடத்திலாவது "ஆல்சியோன் பார்" என்று போடுங்கள். துறை என்பது கரையில் இருப்பது, மனிதன் இறங்குவது. பல பாகம் ஆழத்தில் துறை எங்கே வந்தது? சரி, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ஆதரவு.

வடமராட்சியான் எழுதியது:

ஆதரவு. சுழியோடிப் பெட்டியை மறக்காதீர்கள்.

நிரலன் எழுதியது:

உண்ணித்துறை அமைச்சர் யார் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆதரவு.

நச்சினார் எழுதியது:

பதிவுக்காக: இதற்கு என் உடன்பாடு இல்லை. துறையை ஏற்றுக்கொண்டு துப்பைக் கைவிட்டது அரைகுறைத் தீர்வு. உண்ணி என்பது அங்கே நீக்கப்படும் பொருள். நீக்கப்படுவதன் பெயரால் இடத்தை அழைப்பது, குளியலறையை அழுக்கறை என்று அழைப்பதற்கு ஒப்பாகும். கொக்கைச் சான்று காட்டினீர்கள். அங்கே உண்ணியைத் தின்னும் கொக்கு. இங்கே உண்ணியைத் தின்னும் துறையா? வேற்றுமைத்தொகை விரியவில்லை. துப்புத்துறை என்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அலையாத்தி எழுதியது:

ஐயா, உண்ணியைக் களையும் துறை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

நச்சினார் எழுதியது:

உருபும் பயனும் தொகும். ஆனால் எந்தப் பயன் தொக்கது என்று கேட்பவனுக்கு ஐயம் வரக்கூடாது. உண்ணியை விற்கும் துறை என்று விரித்தால் யார் தடுப்பார்?

அலையாத்தி எழுதியது:

அனுப்பிவிட்டேன். உண்ணித்துறை, உண்ணிமீன், ஆல்சியோன் பார், பெட்டியில் சுழியோடி. எல்லோருக்கும் நன்றி. அடுத்த இதழுக்கு இரண்டாம் பகுதி இருக்கிறது. குளிர்கால மாதங்களில் பாப்பகாயோ காற்று நிலத்திலிருந்து பசிபிக்கை நோக்கி வீசி மேல்தண்ணீரைத் தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர், சத்துகளோடு ஏறி வரும். அதனால்தான் அந்த மாதங்களில் திருக்கைக்குத் தீனி. அந்தப் பகுதியில் தெர்மோகிளைன் வரிக்கு வரி வருகிறது. முக்குளிப்பவர் இறங்கும்போது சட்டென்று குளிர் முகத்தில் அறையும் அந்தப் படலத்துக்கு...

மட்டுறுத்துநர்:

புதிய இழையில் கேளுங்கள், தயவுசெய்து.

கரைவலை எழுதியது:

நீரோட்டத்துக்கு எங்களிடம் நீவாடு இருக்கிறது. குளிர்த்தண்ணீர் படலத்துக்கு எங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

நச்சினார் எழுதியது:

வெதுச்சரிவு. இதில் விவாதத்துக்கே இடமில்லை. வெது என்பதிலிருந்துதான் வெதுவெதுப்பு, வெதுப்பகம் எல்லாம்

நிரலன் எழுதியது:

வெதுப்பகம் என்றால் பேக்கரி ஐயா. கடலுக்கு அடியில் பேக்கரியா?