பொட்டாசியம் ஏறினால் இதயம் ஏன் மந்தமாகிறது?

கேள்வி (பாலிடெக்னிக் நர்சிங் மாணவி, ஜூரோங், சிங்கப்பூர்):
பாடத்தில் ஓரிடம் இடிக்கிறது. வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) செல்லின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 90 மில்லிவோல்ட், தூண்டல் எல்லை (இதைத் தொட்டால் செல் துடிக்கும்) மைனஸ் 70 பக்கம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஓய்வு மின்னழுத்தம் எல்லையை நெருங்குமாம். அப்படியானால் செல் இன்னும் சுலபமாகத் துடிக்கணுமே? ஈசிஜியில் (இதய மின்வரைபடம்) கியூஆர்எஸ் (கீழறையில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் அலை) ஏன் அகன்றுபோகிறது?

பதில் 1:
லேசான ஏற்றத்தில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 4 மில்லிமோல் என்றால் நெர்ன்ஸ்ட் சமன்பாடு (உள்ளே, வெளியே உள்ள அளவிலிருந்து மின்னழுத்தம் காண்பது) மைனஸ் 95 தரும். வெளியே 7 ஆனால் மைனஸ் 80.

வினை சோடியம் சேனலில் (சோடியத்தைச் செல்லுக்குள் விடும் வழி) இருக்கிறது. அதற்குத் திறக்கும் கதவு ஒன்று, அடைக்கும் கதவு ஒன்று. அடைத்த கதவு மறுபடி விலக, சவ்வு நன்றாக மைனஸுக்கு இறங்க வேண்டும். மைனஸ் 75-லேயே நின்றுவிட்டால் கணிசமான சேனல்கள் அடைபட்டபடியே கிடக்கும். மிச்சமுள்ளவை திறந்தாலும் 0-ஆம் கட்ட ஏற்றம் (துடிப்பின் தொடக்கத்தில் மின்னழுத்தம் மேலே பாய்வது) செங்குத்தாக எழாது. அடுத்த செல்லுக்குப் போகும் மின்னோட்டம் குறையும், கடத்தல் தாமதமாகும். அகன்ற கியூஆர்எஸ் அந்தத் தாமதம்தான்.

பதில் 2:
இன்னொன்று. எஸ்ஏ நோடு (இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்) செல்லின் ஏற்றம் கால்சியம் சேனலை நம்பியது, சோடியத்தை அல்ல. அதனால் ஏட்ரியத் (மேலறை) தசை முடங்கிய பிறகும் நோடு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஈசிஜியில் பி அலை (மேலறையின் அலை) காணோம் என்பதற்காக நோடு நின்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். டீ அலை (கீழறை ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் அலை) கூர்மையாவது வேறு கதை: வெளியே பொட்டாசியம் கூடும்போது 3-ஆம் கட்டப் பொட்டாசியம் சேனல் நன்றாகக் கடத்தும், மீள்துருவமாதல் (ஓய்வு மின்னழுத்தத்துக்குத் திரும்புவது) சீக்கிரம் முடியும்.

மாணவி:
நன்றிக்கா. பொட்டாசியம் ஏறியவருக்கு ஊசியில் தரும் கால்சியம் குளுக்கோனேட் மருந்தைக் கொடுத்தால் பொட்டாசியம் இறங்குமா?

பதில் 3:
இறங்காது, தங்கச்சி. சவ்வின் வெளிப்புற எதிர்மின்னூட்டத்தைக் கால்சியம் மறைக்கிறது; சேனலுக்கு சவ்வு இன்னும் மைனஸில் இருப்பதுபோலத் தெரியும் என்பது பாடநூல் விளக்கம். 10% கரைசல் 10 மில்லி, மானிட்டரைப் பார்த்தபடி மெதுவாக. சில நிமிடங்களில் கியூஆர்எஸ் குறுகும், 30 முதல் 60 நிமிடம் தாங்கும். அதற்குள் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள வேண்டும். உடம்பைவிட்டு வெளியேற்றுவது டயாலிசிஸ் மாதிரி வழிகள்தான். கால்சியம் போகும் அதே லைனில் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) பைகார்பனேட் விடக் கூடாது, படிந்துவிடும். டயாலிசிஸ் நோயாளியானால் என்ன குடித்தார் என்றும் கேளுங்கள். வெயிலுக்கு நல்லதென்று தேக்கா சந்தையில் வாங்கித் தரும் இளநீரில் பொட்டாசியம் நிறைய.