எரின் ஃபிலிப்ஸின் கால்பந்து வாழ்க்கையை எங்கிருந்து கணக்கிடுவது?

கேள்வி

எரின் ஃபிலிப்ஸைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவும் அவரைக் கூடைப்பந்திலிருந்து கால்பந்துக்கு (சாக்கர் அல்ல, பந்தைக் கையாலும் எடுத்து ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக்கு) மாறியவர் என்றே அறிமுகப்படுத்துகின்றன. ஆஸ்திரேலிய மகளிர் கால்பந்துக்கான ஏ.எஃப்.எல்.டபிள்யூ. லீக் 2017-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 31. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் வந்த ஒருவர், முதல் பருவத்திலேயே லீகின் தலைசிறந்த வீராங்கனை விருதை எப்படி வென்றார்? 2023-உடன் முடிந்துவிட்ட அவருடைய ஆட்டக்காலத்தை, பதினெட்டு வயதிலேயே டிராஃப்ட் (இளம் வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வழியாக அணிகளில் சேரும் இன்றைய வீராங்கனைகளோடு ஒப்பிடுவது முறையாகுமா?

மறுமொழி 1

அவர் ஆட்டத்துக்குப் புதியவர் அல்லர் என்பதிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். அவருடைய தந்தை கிரெக் ஃபிலிப்ஸ் போர்ட் அடிலெய்டு கழகத்தின் புகழ்பெற்ற தற்காப்பு வீரர். மகளும் பதின்மூன்று வயது வரை சிறுவர்களோடு சேர்ந்து கால்பந்து ஆடியே வளர்ந்தார். அதற்குமேல் பெண்களுக்கு அங்கே வழி இல்லாததால்தான் அவர் கூடைப்பந்துக்குப் போனார். போன இடத்தில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும், அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. லீகில் 2012-இல் இண்டியானா அணியோடும் 2014-இல் ஃபீனிக்ஸ் அணியோடும் கோப்பைகளும் பெற்றார் என்பது அவருடைய திறமைக்குச் சான்று. ஆயினும், அவர் வேறோர் ஆட்டத்திலிருந்து மாறி வந்தவர் என்பதைவிட, தம் சொந்த ஆட்டத்துக்குத் திரும்பி வர ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் காக்க வைக்கப்பட்டவர் என்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கூடைப்பந்தின் பங்கை இவ்வளவு குறைத்துவிடக் கூடாது. நெருக்கடியான இடத்தில் எதிராளியை உடலால் தடுத்துக்கொண்டே பந்தை எடுப்பதும், எடுத்த நொடியிலேயே அடுத்தவருக்குக் கொடுப்பதும் அங்கே மெருகேறிய திறன்கள். அதைவிட முக்கியமாக, அவர் பல ஆண்டுகள் முழுநேரத் தொழில்முறை வீராங்கனையாக வாழ்ந்திருந்தார். 2017-இல் அவரோடு களமிறங்கியவர்களுள் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பே கிடைத்ததில்லை. அந்தப் பருவத்தில் முன்னணி வீராங்கனைகளுக்குச் சுமார் 27,000 ஆஸ்திரேலிய டாலரும், கீழ்நிலையில் இருந்தவர்களுக்குச் சுமார் 8,500 டாலரும்தான் ஊதியம். அப்போதைய மெல்பர்ன் அணித்தலைவர் டெய்சி பியர்ஸ் மகப்பேறு செவிலியராகப் பணியாற்றியவர். லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2023-இல் கையெழுத்தான ஒப்பந்தம் வீராங்கனைகளின் சராசரி ஊதியத்தை முதலில் 60,000 டாலருக்கும், 2027-க்குள் 82,000 டாலருக்கும் உயர்த்த வழிசெய்தது. ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தமும் அதனோடு வந்தது. ஆகவே, இன்று பதினெட்டு வயதில் சேர்பவர் பெறும் பயிற்சிச் சூழலை, லீகைத் தொடங்கி வைத்த தலைமுறையின் மீது ஏற்றிப் பார்ப்பது அநீதி.

மறுமொழி 3

ஒப்பிடுவதாக இருந்தால் ஆட்டங்களின் எண்ணிக்கையை ஒதுக்கிவிடுங்கள். முதல் பருவத்தில் ஏழு சுற்றுகளும் ஓர் இறுதிப்போட்டியும் மட்டுமே இருந்தன. அப்போதிருந்த யாருடைய எண்ணிக்கையும் சிறிதாகவே தெரியும்.

பெரிய ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்பதே நல்ல அளவுகோல். 2017 இறுதிப்போட்டியில் அவருடைய அடிலெய்டு அணி 35-29 என்று பிரிஸ்பேனை வென்றபோதும், 2019-இல் அடிலெய்டு ஓவல் மைதானத்தில் 53,034 பேர் முன்னிலையில் கார்ல்டனை வென்றபோதும் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை அவரே. அந்த இரண்டு பருவங்களிலும் லீகின் தலைசிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தது. இரண்டாவது இறுதிப்போட்டியில், மூன்றாம் கால்பகுதியில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்து களத்தை விட்டு வெளியேறிய பின்பும் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்கான பதக்கம் அவரிடமே வந்தது என்பதைக் கவனியுங்கள். 33 வயதில் இத்தகைய காயம் பலரை நிரந்தரமாக வெளியேற்றிவிடும். அவரோ மீண்டு வந்து, 2022 ஏப்ரலில் அடிலெய்டு அணியோடு மூன்றாவது கோப்பையை வென்றார். அதே ஆண்டில் லீகில் புதிதாக நுழைந்த போர்ட் அடிலெய்டுக்கு முதல் அணித்தலைவராகப் போனார். கோப்பை வென்ற அணியை விட்டு, தந்தை ஆடிய கழகத்தின் மகளிர் அணியை அடித்தளத்திலிருந்து கட்ட 37 வயதில் முன்வந்ததை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் காட்டாது. என் கணிப்பில், மூன்று கோப்பைகளுக்கு நிகரான இடத்தை அதற்கும் தர வேண்டும்.